சித்தியார் தந்த அருணந்தி சிவாசாரியார்

சைவ சமயத்திற்குத் தோத்திரமும் சாத்திரமும் இரு கண்கள். தோத்திரம் தந்த சமயக் குரவர் நால்வரை அறியாத அடியவர் இலர். ஆலயந்தோறும் அவர்தம் திருவுருவங்களைக் கண்டு கைதொழுகிறோம். சாத்திரம் தந்த சந்தான குரவர் நால்வரையோ பெயரளவில் அறிந்தவர்களே மிகுதி. மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவம் என்னும் அந்நால்வருள் இரண்டாமவராகிய அருணந்தி சிவாசாரியாரின் வாழ்வு, கல்வியின் பெருமைக்கும் கல்விச் செருக்கின் சிறுமைக்கும் ஒருங்கே சான்றாக விளங்குவது. கடவுள் இல்லை என்போர் கூறும் நியாயங்களை முழுமையாக எடுத்துரைத்து, அதன் பின்னரே உண்டென்று நிறுவிய பேராசிரியர் அவர்.

திருத்துறையூர்ப் பண்டிதர்

நடுநாட்டில், இன்றைய கடலூர் மாவட்டத்தில், பண்ணுருட்டிக்கு அண்மையில் உள்ளது திருத்துறையூர். சுந்தரமூர்த்தி சுவாமிகள் இறைவனிடம் தவநெறி வேண்டிப் பாடிய தலம் அது. அவ்வூரில் ஆதிசைவ மரபில் தோன்றிய இவர், வடமொழி வேதங்களையும் சிவாகமங்களையும் ஐயந்திரிபறக் கற்றார். ஆகமங்கள் அனைத்திலும் வல்லவர் என்னும் பொருளில் சகலாகம பண்டிதர் என்று உலகம் இவரை அழைத்தது. அப்பெயரே நிலைத்தமையால் இவரது இயற்பெயரை மரபு நமக்குச் சொல்லவில்லை.

இவர் வாழ்ந்த காலம் கி.பி. 13ஆம் நூற்றாண்டு. இவருடைய மாணாக்கரின் மாணாக்கராகிய உமாபதி சிவம், தாம் இயற்றிய சங்கற்ப நிராகரணம் என்னும் நூலில் சக ஆண்டு 1235 என்று காலங் குறித்துள்ளார். அது கி.பி. 1313 ஆகும். அதனைக் கொண்டே ஏனையோர் காலத்தையும் அறிஞர்கள் கணக்கிடுகின்றனர்.

சகலாகம பண்டிதரைக் குலகுருவாகக் கொண்டு வாழ்ந்த குடும்பங்களுள் திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் குடும்பமும் ஒன்று. வேளாண் தலைவராகிய அவருக்குச் செல்வம் இருந்தது, மகப்பேறு இல்லை. மனம் வருந்திய அவர் குலகுருவை அணுகினார். பண்டிதர் தேவாரத் திருமுறையைப் பூசித்துக் கயிறு சாத்திப் பார்க்குமாறு பணித்தார். திருஞானசம்பந்தர் திருவெண்காட்டின்மீது பாடிய பதிகம் கிடைத்தது. அப்பதிகம் காட்டிய வழியே களப்பாளரும் மனைவியாரும் திருவெண்காடு சென்று, முக்குளத்தில் நீராடி, இறைவனை வழிபட்டு நின்றனர். அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. தலத்தின் பெயரால் சுவேதவனப் பெருமாள் என்று பெயரிட்டனர்.

குழந்தை தன் தாய்மாமனின் இல்லத்தில், திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தது. மழலைப் பருவத்திலேயே பரஞ்சோதி முனிவர் அக்குழந்தையைக் கண்டு, அதன் பக்குவம் அறிந்து உபதேசம் செய்து, மெய்கண்டார் என்னும் தீட்சைப் பெயரும் அளித்தார் என்பது சைவ மரபு. மெய்கண்டார் பொல்லாப் பிள்ளையார் திருமுன் இருந்து சிந்தித்து, 12 சூத்திரங்களைக் கொண்ட சிவஞானபோதத்தை உலகுக்குத் தந்தார். அடியவர்கள் அவரை நாடி வந்து பாடங் கேட்டனர். அவருடைய மாணாக்கர் 49 பேர் என்பர்.

சுட்டிய விரல்

திருவெண்ணெய்நல்லூர், வழக்கும் வாதமும் நிகழ்ந்த திருத்தலம். சுந்தரரின் திருமணத்தைத் தடுத்து, முதியவராக வந்த இறைவன் ஓலை காட்டி அவையில் வழக்காடி அவரை ஆட்கொண்டது அவ்வூரில்தான். அங்கே மற்றோர் ஆட்கொள்ளல் நிகழ வேண்டியிருந்தது.

தம் ஆசியால் பிறந்த குழந்தையிடம் பெரியோர் பலர் பாடங் கேட்கின்றனர் என்ற செய்தி சகலாகம பண்டிதரின் செவிக்கு எட்டியது. நரைத்த தலையும் நிறைந்த நூலறிவும் உடைய தமக்கு அக்குழந்தை வந்து வணக்கம் செலுத்தவில்லையே என்ற எண்ணம் அவர் உள்ளத்தை உறுத்தியது. மாணாக்கர் சூழத் திருவெண்ணெய்நல்லூர் சென்றார். மெய்கண்டார் அப்பொழுது ஆணவ மலத்தைப் பற்றிப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தார். உயிரின் அறிவை அனாதியே மறைத்து நிற்கும் அழுக்கிற்கு ஆணவம் என்று பெயர். பண்டிதர் நின்றவாறே, ஆணவத்தின் உருவம் எத்தகையது என்று வினவினார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. நின்றுகொண்டிருந்த பண்டிதரைத் தலைமுதல் கால்வரை நோக்கி, அவரையே விரலால் சுட்டிக் காட்டினார்.

அந்த ஒரு கணத்தில் பண்டிதரின் வாழ்வு திரும்பிற்று. அவர் கற்ற ஆகமங்கள் அனைத்தும் ஆணவத்தின் இலக்கணத்தை அவருக்குச் சொல்லியிருந்தன. தாமே அதற்கு இலக்கியமாக நிற்பதை அவை காட்டவில்லை. அவர் அக்குழந்தையின் திருவடியில் விழுந்தார். குலகுரு தம் சீடரின் புதல்வர் காலில் விழுவதும், ஆதிசைவ மறையவர் வேளாளர் குலத்துச் சிறுவரை ஆசானாக ஏற்பதும் அந்நாளில் எளிய செயல்களா? வயது, குலம், கல்வி, பதவி ஆகிய நான்கையும் அவர் ஒருசேரக் கீழே வைத்தார். மெய்கண்டார் அவரை ஏற்று, தீட்சை அளித்து, அருணந்தி என்று பெயரிட்டார். மாணாக்கர் அனைவருக்கும் தலைமாணாக்கராக அவரே விளங்கினார்.

ஆசிரியரை அடைந்தவுடன் அவருடைய வினாக்கள் நின்றுவிடவில்லை. அவர் இயற்றிய இருபா இருபது என்னும் 20 பாடல் கொண்ட சிறுநூல், வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறி மாறி வர அந்தாதியாக அமைந்தது. அதில் மெய்கண்டாரை முன்னிலைப்படுத்தி, மலத்தின் இயல்பும் உயிரின் இயல்பும் அருளின் இயல்பும் பற்றித் தொடர்ந்து வினவுகிறார். பணிவு வினாவை அடக்குவதில்லை. வினாவைத் தூய்மை செய்கிறது என்பதற்கு அந்நூலே சான்று.

பரபக்கம்: மறுப்போரின் சொல்

ஆசிரியரின் சிவஞானபோதத்திற்கு வழிநூலாக அருணந்தி சிவாசாரியார் இயற்றியது சிவஞான சித்தியார். சிவத்திற்கு மேலான தெய்வமும் சித்தியாருக்கு மேலான சாத்திரமும் இல்லை என்று அடியார்கள் போற்றும் பெருமை உடையது அது. பரபக்கம், சுபக்கம் என்னும் இரு பகுதிகளை உடையது. பிறர் கொள்கையை ஆராய்வது பரபக்கம். தம் கொள்கையை நிறுவுவது சுபக்கம்.

பரபக்கத்தில் 14 கொள்கையினர் வருகின்றனர். உலோகாயதர் முதலில் வருகின்றனர். பின்னர்ப் பௌத்தருள் நால்வகையினர், சமணத்தில் நிகண்டவாதி, அவரோடு ஆசீவகர், மீமாஞ்சகராகிய பட்டாசாரியர், பிரபாகரர், அதற்கு மேல் சத்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியவாதி, நிரீச்சுர சாங்கியர், பாஞ்சராத்திரி என்று வரிசை செல்கிறது. ஒவ்வொருவருக்கும் முதலில் அவரவர் மதம் கூறப்படும். பின்னரே அதன் மறுதலை வரும். எதிரியின் வாதத்தைச் சிதைத்துக் கூறி எளிதில் வெல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. மறுப்போர் தாமே வந்து பேசினாற்போல் அவர்கள் கட்சியை உரைக்கிறார்.

கடவுள் இல்லை என்பதற்கு அக்காலத்தில் கூறப்பட்ட நியாயங்கள் பலவகைப்பட்டன. கண்ணால் காண்பதே அறிவு; காணாத உயிரும் மறுபிறப்பும் கடவுளும் கற்பனை என்றனர் உலோகாயதர். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடினால் சிவப்பு நிறம் தோன்றுவது போல, பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றும். பிரிந்தால் அழியும் என்பது அவர்கள் உவமை. எப்பொருளும் கணந்தோறும் தோன்றி மறையும் தொடர்ச்சியே. அதற்கு நிலையான தலைவன் எதற்கு என்றனர் பௌத்தர். வினை தானே பயன் தரும். தருவதற்கு வேறொருவர் வேண்டா என்றனர் சமணர்.

இவர்கள் வேதத்தை ஏலாதவர்கள். வேதத்தைத் தலைமேற் கொண்ட மீமாஞ்சகரும், வேதம் என்றும் உள்ளது, வேள்வியே பயன் தரும், உலகம் என்றும் இப்படியே உள்ளது, ஆகவே படைப்போன் தேவையில்லை என்றனர். நிரீச்சுர சாங்கியர், மூலப்பகுதியும் புருடனும் போதும் என்றனர். கடவுள் மறுப்பு வெளியிலிருந்து மட்டும் வந்ததன்று. வேள்விச் சாலைக்குள்ளிருந்தும் எழுந்தது. இவ்வுண்மையை மறையாது சொல்லும் துணிவு அருணந்தியாருக்கு இருந்தது.

சுபக்கம்: உண்டென்பதற்கு வழி

சுபக்கம் அளவை இலக்கணத்தோடு தொடங்குகிறது. ஒன்றை உண்மை என்று எவ்வாறு அறிகிறோம் என்று தெளியாமல் கடவுளைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது ஆசிரியர் கருத்து. அளவைகளைப் பலவாக விரித்தாரும் உளர். அவை அனைத்தும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறார். காட்சி ஒன்றே போதும் என்பவருக்குச் சைவர் கூறும் விடை எளியது. புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று கருதாமல் எவரும் ஒரு நாளும் வாழ முடியாது. காட்சி ஒன்றே அளவை என்னும் முடிவும் காட்சியால் கிடைத்ததன்று. அதுவும் ஒரு கருதலே.

இனி, மூலச் சூத்திரத்தின் வழியே முதல் வாதம் வருகிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் இவ்வுலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. அறிவற்ற பொருள் தானே ஒழுங்காகத் தோன்றி ஒடுங்காது. ஆதலின் அதனைத் தொழிற்படுத்தும் அறிவுடைய முதல்வன் ஒருவன் உண்டு. குடம் தோன்ற மண் முதற்காரணம்; தண்டும் சக்கரமும் துணைக்காரணம்; குயவன் நிமித்த காரணம். அவ்வாறே உலகுக்கு மாயை முதற்காரணம், இறைவனது சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம் என்று சித்தியார் விளக்கும்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பேராக் மக்களுக்கு இதனை வேறோர் உவமையாலும் சொல்லலாம். பால்மரத்தில் பால் உண்டு. கத்தியும் மங்கும் வாளியும் உண்டு. எனினும் விடியுமுன் எழுந்து மரம் வெட்டும் தொழிலாளி இல்லையேல் ஆலைக்கு ஒரு துளிப் பாலும் வந்து சேராது. பொருளும் கருவியும் இருந்தும் செய்வோன் இன்றிச் செயல் இல்லை.

உலகம் முழுவதும் தோன்றி அழிவதை யார் கண்டார் என்று மீமாஞ்சகர் கேட்பர். பகுதிகள் தோன்றி ஒடுங்கக் காண்கிறோம். அப்பகுதிகளால் ஆன முழுமைக்கும் அதுவே இயல்பு என்பது சைவர் விடை. ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைக் காண்போருக்கு அவை என்றும் இருந்தனவாகவே தோன்றும். ஆயினும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த படிவங்களே அக்குன்றுகள் ஆயின என்றும், மழைநீர் அவற்றைக் கரைத்தே குகைகள் உண்டாயின என்றும் இன்றைய நிலவியல் கூறுகிறது. கல்லுமலை முருகன் எழுந்தருளியுள்ள மலையும் தோன்றி, நின்று, கரைந்துகொண்டிருப்பதே.

காலமே அனைத்தையும் செய்யும் என்பாரும் இருந்தனர். காலமும் அறிவற்றது, அதுவும் ஒருவன் ஏவலால் தொழிற்படுவதே என்று அதனையும் ஆசிரியர் விலக்குகிறார். வினையும் அறிவற்றதாகலின், செய்தவனைத் தானே தேடிச் சென்று பயன் ஊட்டாது. மருத்துவன் நோயறிந்து மருந்தூட்டுவது போல அறிந்து ஊட்டுவோன் ஒருவன் வேண்டும் என்பது சமணருக்கும் மீமாஞ்சகருக்கும் கூறப்படும் விடை.

துன்பம் ஏன் என்னும் வினா

கடவுள் மறுப்பில் மிகக் கடினமான வினா துன்பத்தைப் பற்றியது. அருளே வடிவான இறைவன் இருக்க, உயிர்கள் ஏன் வருந்துகின்றன? அருணந்தியார் இதனைத் தவிர்க்கவில்லை. சொல்வழி வாராத பிள்ளையைத் தாயும் தந்தையும் அடித்துத் திருத்துவது வெறுப்பினால் அன்று. இறைவனது சினமும் அத்தகைய அன்பே என்கிறார். வண்ணான் அழுக்குத் துணியில் சாணமும் உவர்மண்ணும் இட்டு, அழுக்கைக் கொண்டே அழுக்கைப் போக்குவது போல, உடலும் உலகும் தந்து ஆணவ அழுக்கை இறைவன் நீக்குகிறான் என்றும் உவமை கூறுகிறார்.

பச்சிளங் குழந்தை நோயுறும்போதும், உழைத்தவன் பசித்திருக்கும்போதும் இவ்விடை எல்லா உள்ளங்களையும் ஆற்றிவிடும் என்று கூற இயலாது. பிறர் துன்பத்தைக் கண்டவன் இது அவர் வினை என்று கூறி விலகிப் போவதற்கு இவ்விடை கருவியாகவும் கூடாது. வண்ணானின் உவமையில் அடிக்கும் கல் மட்டும் இல்லை. வெளுத்த துணியைக் காணும் விருப்பமும் உண்டு. அருள் என்பது அவ்விருப்பமே.

கடல் கடந்த வாதம்

இவ்வாதங்கள் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியன அல்ல. 10ஆம் நூற்றாண்டளவில் மிதிலை நாட்டு உதயணர் நியாய குசுமாஞ்சலியில் ஈசுவரனை நிறுவ முயன்றார். அருணந்தியார் வாழ்ந்த அதே நூற்றாண்டில், 1225 முதல் 1274 வரை வாழ்ந்த தாமசு அக்குவைனாசு என்னும் கிறித்தவத் துறவி, இயக்கத்திற்கு முதல் இயக்குநன் வேண்டும் என்பது முதலாக ஐந்து வழிகளைக் கூறினார். ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் ஒரே வாயிலைத் தட்டினர்.

மறுப்பும் தொடர்ந்தது. இசுக்காட்லாந்து அறிஞர் இயூமின் சமய உரையாடல்கள் அவர் மறைந்த பின் 1779இல் வெளிவந்தன. குடம் செய்யும் குயவனைக் கண்டிருக்கிறோம். உலகம் செய்வோரைக் கண்டதில்லையே, உவமை எவ்வாறு பொருந்தும் என்பது அவர் எழுப்பிய ஐயத்தின் சாரம். செருமானியப் பேரறிஞர் காண்டு, 1781இல் வெளியிட்ட நூலில், தருக்க அறிவால் மட்டும் கடவுளை நிறுவ இயலாது என்றார். இவை எளிதில் தள்ளத்தக்க ஐயங்கள் அல்ல.

ஆயின் அருணந்தியாரும் தருக்கத்தின் எல்லையை அறிந்தவரே. பொறிகளால் அறியும் பாசஞானத்தாலும், உயிர் தன் முனைப்பால் அறியும் பசுஞானத்தாலும் இறைவனை உள்ளவாறு காண இயலாது. அவன் அருளாகிய பதிஞானத்தாலேயே காணலாம் என்று அவர் தெளிவாகக் கூறுகிறார். வாதம் ஆலய வாயில்வரை நம்மை அழைத்து வரும். உள்ளே திரை விலகுவது அருளால். வாதத்தால் வென்றவரை எல்லாம் வென்று வந்த சகலாகம பண்டிதரை வீழ்த்தியது ஒரு வாதம் அன்று, ஒரு சுட்டுவிரல். தம் வாழ்வில் நிகழ்ந்ததையே அவர் தத்துவமாக எழுதினார்.

நமக்கு அவர் விட்டுச் சென்றது

அருணந்தி சிவாசாரியார் மறைஞான சம்பந்தருக்கு உபதேசம் செய்து, திருத்துறையூரில் புரட்டாசி மாதப் பூர நாளில் இறைவன் திருவடி அடைந்தார். ஆண்டுதோறும் அந்நாளே அவருக்குக் குருபூசை நாள். சித்தியார் சுபக்கத்திற்கு உரையாசிரியர் அறுவர் உரை கண்டனர். மாவட்ட முன்சீபாகப் பணியாற்றிய ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை, அலுவல்களுக்கிடையே இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1913இல் வெளியிட்டார்.

இம்மண்ணிலும் இவ்வாதம் ஒலித்ததுண்டு. 1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியார் ஈ.வெ. இராமசாமி ஈப்போ உள்ளிட்ட நகரங்களில் சொற்பொழிவாற்றினார். சாதி இழிவையும் மூடப் பழக்கங்களையும் அவர் கடிந்தபோது தோட்டத் தொழிலாளர் பலர் செவிமடுத்தனர். அவர் கடவுளை மறுத்ததை ஏற்காத சைவர்களும், கடவுள் பெயரால் மனிதரைத் தாழ்த்தலாகாது என்ற கண்டனத்தில் நியாயம் கண்டனர். குலம் பாராது சிறுவர் திருவடியில் விழுந்த அருணந்தியாரின் வழியினர், அக்கண்டனத்திற்குச் செவிசாய்க்கக் கடமைப்பட்டவர்கள்.

பால்மரங்கள் அழிந்து செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். இலயத்து வீடுகளுக்கு நடுவே இருந்த சிறு கோயில்கள் பல அடியவரின்றி நின்றன. தோட்டத்தில் கோயில் மணி ஒலித்தால் கேள்வியின்றிக் கூடிய தலைமுறை மறைந்து, கல்வி கற்று வினவும் தலைமுறை வளர்ந்துள்ளது. 1970இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதற்கோட்பாடு இறைவன்மீது நம்பிக்கை வைத்தல் என்பதாகும். அதனைப் பள்ளியில் ஓதும் பிள்ளை, வீட்டிற்கு வந்து, நம்பிக்கைக்குக் காரணம் என்ன என்று கேட்குமானால் பெற்றோர் என் செய்வது? அதட்டி வாயடைப்பது சைவ மரபன்று. 14 கொள்கையினரின் நியாயங்களையும் அமர்ந்து கேட்டு, நிறுத்து, விடை கூறிய ஆசிரியரின் மரபு நமது மரபு. விடை தெரியாதவிடத்துப் பிள்ளையோடு சேர்ந்து கற்கத் தொடங்குவதும் அம்மரபே. தம் பேரனையொத்த வயதுடைய சிறுவரிடம் பாடங் கேட்கத் தயங்காதவர் அல்லவா அவர்!

திருவிழாக் காலத்தில் கொடியேற்றமும் காவடியும் அன்னதானமும் நிகழ்வது போல, அடியவர் கூடிச் சாத்திரம் வினவும் ஒரு வேளையும் நிகழுமாயின், அதுவே அருணந்தி சிவாசாரியாருக்கு நாம் செய்யும் உண்மையான குருபூசையாகும். அவர் மலரடி போற்றி, வினவும் பிள்ளைகளை வரவேற்று, ஆணவம் அடங்கி, அருளில் நிலைத்து வாழ்வோமாக.

மேன்மைகொள் சைவ நெறி தழைப்பதாக.